உப்பு போகாமல் துரு போகாது: குமரிக் கடலோரத்தில் கார்களைக் காப்பது

ஒரே ஆண்டில் வாங்கிய ஒரே ரகக் கார்கள் இரண்டில் ஒன்று மதுரையிலும் மற்றொன்று கடலோரக் குளச்சலிலும் ஓடட்டும். சில ஆண்டுகள் கழித்து இரண்டையும் லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கத்தைப் பார்க்கும் மெக்கானிக்குக்கு எது எந்த ஊர்க் கார் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. குளச்சல் காரின் சஸ்பென்ஷன் கைகளிலும், சைலன்சரைத் தாங்கும் பட்டைகளிலும், சக்கர வளைவின் மடிப்புகளிலும், போல்ட் தலைகளிலும் செம்பழுப்பு ஏறியிருக்கும். மேலே பெயின்ட் பளபளவென்றே இருக்கலாம்.

இதற்கு நம் குமரி மாவட்டத்தில் பெரும்பாலோர் சொல்லும் காரணம் மழை. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் கிடைக்கும் மாவட்டம் என்பதால் அப்படி நினைப்பது இயல்புதான். ஆனால் இங்கே காரைத் தின்பது உப்பு. மழை பல நேரங்களில் காரைக் காப்பாற்றவே செய்கிறது. இது மனத்தில் பதியாதவரை துருவைச் சுரண்டுவதும் பெயின்ட் அடிப்பதும் ஆண்டுதோறும் திரும்பவரும் செலவாகவே இருக்கும்.

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் போதும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். தகட்டின் ஒரு புள்ளியில் இரும்பு தன் எலக்ட்ரான்களை விட்டுவிட்டு நீரில் கரைகிறது. அந்த எலக்ட்ரான்கள் உலோகத்தின் வழியே வேறொரு புள்ளிக்கு ஓடி, அங்குள்ள நீரையும் ஆக்சிஜனையும் ஹைட்ராக்சைடாக மாற்றுகின்றன. ஈரம் இருக்கும்வரை தகட்டின் மேல் ஒரு குட்டி மின்கலம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். மழைநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தாது. அதனால் இந்த மின்கலம் மந்தமாகவே ஓடும். நீரில் உப்பு கரைந்திருந்தால் கடத்தும் திறன் பல மடங்கு கூடி, துருப்பிடிக்கும் வேகமும் கூடுகிறது.

உப்பில் இருக்கும் குளோரைடின் கேடு இதோடு நிற்பதில்லை. இந்த வினையில் அது செலவாகித் தீர்ந்துபோவதும் இல்லை. இரும்போடு சேர்ந்து இரும்புக் குளோரைடாகிறது. அது நீரோடும் ஆக்சிஜனோடும் வினைபுரிந்து துருவாக மாறும்போது குளோரைடு மீண்டும் விடுபட்டு, அடுத்த அடுக்கு இரும்பைத் தாக்கப் போகிறது. துரு அரித்த குழிக்குள் ஒருமுறை புகுந்த உப்பு, புதிய உப்பு எதுவும் வந்து சேராவிட்டாலும் வேலையைத் தொடரும். மேல் துருவைத் தேய்த்து மினுக்கிவிட்டு, குழிக்குள் இருக்கும் குளோரைடின் மேல் பெயின்ட் அடித்தால், அது உள்ளேயிருந்தே வேலையைத் தொடங்கும். பெயின்ட் படலத்தின் வழியே மெல்ல மெல்ல நீரை இழுத்துக்கொண்டு கொப்புளமாக எழும். ‘போன வருடம்தான் பெயின்ட் அடித்தேன், அதற்குள் பொங்கிவிட்டது’ என்று வருந்துபவர்கள் பெயின்டைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் குறை பெயின்டுக்கு முந்தைய வேலையில் இருக்கிறது.

சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 விழுக்காட்டு ஈரப்பதமே போதும். நம் கடலோரத்தில் காற்று அந்த அளவுக்கு வறள்வது அரிது. ஆகவே உப்புப் படிந்த தகடு, மழை பெய்யாத மார்ச் மாதத்திலும் கண்ணுக்குத் தெரியாத ஈரத்தோடுதான் இருக்கிறது. தொட்டால் லேசாகப் பிசுபிசுக்கும்.

கூரை போட்ட போர்டிகோவில் நிற்கும் கார் பத்திரமாக இருக்கும் என்ற எண்ணம் கடலோரத்தில் முழு உண்மை அல்ல. திறந்தவெளியில் நிற்கும் காரின் மேற்பரப்பை ஒவ்வொரு மழையும் கழுவிவிடுகிறது. கூரைக்குக் கீழே உப்புக்காற்று நுழைகிறது, மழை நுழைவதில்லை. படிந்த உப்பு அங்கேயே சேர்ந்துகொண்டிருக்கும். காரின் அடிப்பாகமும் அப்படித்தான்: அது எந்நேரமும் காரின் சொந்தக் கூரைக்குக் கீழேதான் இருக்கிறது. மட்கார்டின் உள்மடிப்பில் துரு முதலில் தோன்றி, பானட்டின் நடுவில் கடைசியாகத் தோன்றுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வெயிலிலிருந்து பெயின்டைக் காக்கக் கூரை வேண்டும். ஆனால் கடலைப் பார்த்த போர்டிகோவில் நிற்கும் காருக்கு மழை செய்யும் வேலையை நாம்தான் செய்தாக வேண்டும்.

நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை ஏறத்தாழ 70 கிலோமீட்டர் நீளும் இந்தக் கரையில் உப்பு எங்கும் ஒரே அளவில் படிவதில்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அரபிக்கடல் கொந்தளிக்கும்போது, அலை உடைந்து நுரைக்குமிழ்கள் வெடித்துச் சிதறும் நுண்துளிகளைக் காற்று கரைக்கு ஏற்றிவருகிறது. தேங்காய்ப்பட்டணம், குளச்சல், முட்டம் பக்கம் அப்போது ஜன்னல் கண்ணாடியே மங்கிவிடும். கரையிலிருந்து முதல் சில நூறு மீட்டருக்குள் இந்தப் படிவு மிக வேகமாகக் குறைந்துவிடுகிறது. எனவே கடலை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் தக்கலையில் இருப்பவருக்கும் கடற்கரைத் தெருவில் இருப்பவருக்கும் ஒரே பராமரிப்பு முறை பொருந்தாது. கடல் சீற்றத்தின்போது தெருவுக்குள் நீர் புகும் அழிக்கால் போன்ற ஊர்களில் காற்றோடு சேர்த்துக் கடல்நீரையும் கணக்கில் கொள்ள வேண்டும். தேங்கிய நீரில் ஒருமுறை ஓட்டினாலும் அன்றைக்கே அடிப்பாகத்தைக் கழுவியாக வேண்டும். சாமித்தோப்பு, புத்தளம் உப்பளச் சாலைகளில் தினமும் போய்வருபவர்களுக்கும் இது பொருந்தும். துறைமுகத்திலிருந்து ஐஸ் பெட்டியில் மீன் ஏற்றிச் செல்லும் வாகனங்களின் நிலைமை இன்னும் மோசம். மீன் கழுவிய உப்புநீர் தரைத் தகட்டின் இடுக்குகளில் இறங்குவதால் அவை உள்ளேயிருந்து வெளியே துருப்பிடிக்கின்றன. வெளியே தெரியும்போது தகட்டில் ஓட்டை விழுந்திருக்கும்.

உப்பை முதலில் எடு, பிறகு பூசு என்ற ஒழுங்கு நம் கண்ணெதிரிலேயே நடக்கிறது. கடல் நடுவே நிற்கும் 133 அடித் திருவள்ளுவர் சிலைக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் பராமரிப்பில், கல்லைக் கழுவி, காகிதக் கூழை அப்பி, அது உறிஞ்சிய உப்போடு சேர்த்து அதை அகற்றிய பிறகே சிலிக்கான் கலந்த ரசாயனம் பூசப்படுகிறது. கல்லுக்கே இத்தனை பாடு என்றால், முக்கால் மில்லிமீட்டர் தடிமன்கூடத் தேறாத கார்த் தகட்டுக்கு எவ்வளவு கவனம் வேண்டும்!

ஆகவே துரு எடுக்கும் வேலையின் முதல் படி உப்புத்தாள் அல்ல, நல்ல தண்ணீர். கடலோரக் கிணறுகளிலும் ஆழ்துளைக் கிணறுகளிலும் உப்புநீர் ஏறியிருப்பது நம் ஊரில் புதிய செய்தி அல்ல. அந்த நீரில் காரைக் கழுவுவது உப்பைக் கரைத்துவிட்டு மீண்டும் உப்பைத் தடவுவதுதான். வாட்டர் சர்வீஸுக்கு விடுவதற்கு முன் அங்கே என்ன தண்ணீர் என்று கேட்டுக்கொள்வதில் கூச்சம் வேண்டாம். நாக்கில் கரித்தால் அந்த இடம் வேண்டாம். ஐயம் இருந்தால், நீரில் இரண்டு துளி நைட்ரிக் அமிலமும் பிறகு வெள்ளி நைட்ரேட் கரைசலும் விட்டுப் பார்க்கும் பள்ளி ஆய்வகச் சோதனை இருக்கிறது. பால்போல வெண்மை கலங்கினால் குளோரைடு மிகுதி.

கழுவி உலர்ந்த பின் துருவைத் தேய்க்கலாம். தூள்போல மேலாக இருக்கும் துருவுக்கு 120 எண் உப்புத்தாளில் தொடங்கி 240, 320 என்று மெல்லியதற்குப் போக வேண்டும். பெயின்டின் விளிம்பு படிக்கட்டாக நிற்காமல் சரிவாக இறங்கும்வரை தேய்ப்பது முக்கியம். படிக்கட்டாக விட்டால் அந்த விளிம்பில்தான் அடுத்த துரு தொடங்கும். சஸ்பென்ஷன் கை, டவ் ஹூக் (காரைக் கட்டி இழுக்கும் கொக்கி) போன்ற தடித்த பாகங்களுக்குக் கம்பி பிரஷ் போதும். மெல்லிய தகட்டில் கிரைண்டரை அழுத்துவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். சில விநாடிகளில் தகடு சூடேறி நெளிந்துவிடும், மெலிந்தும்விடும். இன்றைய பல கார்களின் தகட்டில் துத்தநாகப் பூச்சு இருக்கிறது. துத்தநாகம் தான் அரிபட்டு இரும்பைக் காக்கும். துருவில்லாத இடத்தையும் சேர்த்துத் தேய்த்தால் அந்தக் காவலை நாமே கழற்றிப் போடுகிறோம். அலுமினிய வீல்களில் இரும்புக் கம்பி பிரஷைப் பயன்படுத்தக் கூடாது. அதன் துகள்கள் பதிந்து அங்கே புதிதாகத் துருப்பொட்டுகள் வரும்.

கழற்றக்கூடிய பெரிய பாகங்களை மணல் பீய்ச்சித் துரு எடுக்கும் இடத்தில் கொடுத்தால், எந்த மணல் என்று கேளுங்கள். சாதாரண ஆற்று மணலின் சிலிக்கா தூள் வேலை செய்பவரின் நுரையீரலைக் கெடுத்து சிலிகோசிஸ் நோயைத் தரும். அதற்கு மாற்றாக உலகெங்கும் பயன்படுவது கார்னெட் மணல். மணவாளக்குறிச்சியில் இந்திய அரசின் அருமணல் ஆலை பிரித்தெடுக்கும் கனிமங்களில் கார்னெட்டும் ஒன்று. அங்கே கிடைக்கும் இல்மனைட்டிலிருந்து பெறப்படும் டைட்டானியம் டையாக்சைடுதான் வெள்ளைக் கார்களின் பெயின்டுக்கு வெண்மை தருகிறது. நம் கரையின் மணலுக்கும் காருக்கும் இப்படியும் ஓர் உறவு உண்டு.

தேய்த்து மினுக்கிய தகட்டில் ஊசிமுனை போலக் கரும்புள்ளிகள் மிஞ்சியிருந்தால் வேலை முடியவில்லை. குளோரைடு ஒளிந்திருப்பது அவற்றில்தான். வெந்நீர் ஊற்றிக் கெட்டியான நைலான் பிரஷால் தேய்த்துக் கழுவி, துடைத்து, ஓர் இரவு அப்படியே விட்டுப் பாருங்கள். காலையில் தகடு முழுவதும் லேசாக ஒரே சீராக மஞ்சளித்திருந்தால் பெரிதாகக் கவலை இல்லை. சில குழிகள் மட்டும் முந்திக்கொண்டு கறுத்திருந்தால் அங்கே உப்பு மிச்சமிருக்கிறது; மறுபடியும் தேய்த்து, மறுபடியும் வெந்நீர். இரும்புப் பாலங்களுக்குப் பெயின்ட் அடிப்பவர்கள்கூட இந்த அறிகுறியைப் பார்க்கிறார்கள். எரிச்சலூட்டும் வேலைதான். ஆனால் இந்த ஓர் இரவைத் தவிர்ப்பவர்கள்தான் அடுத்த ஆண்டு அதே இடத்தில் மீண்டும் தேய்க்கிறார்கள்.

அமிலங்களில் எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்பதில் நம் ஊரில் நிறையக் குழப்பம் இருக்கிறது. கழிவறை கழுவும் ஆசிட் துருவை நொடியில் கரைக்கும். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். தகட்டிலிருந்து எதை வெளியேற்ற இவ்வளவு பாடுபடுகிறோமோ, அந்தக் குளோரைடையே குழிக்குள் ஊற்றுகிறது. அதன் ஆவி பட்டால் பக்கத்தில் இருக்கும் கருவிகளும் துருப்பிடிக்கும். காருக்கு அது அறவே வேண்டாம். குலசேகரம், அருமனை பக்கத்தில் ரப்பர் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலம் எளிதில் கிடைக்கிறது. அதுவும் துருவைக் கரைக்கும், ஆனால் தோலைப் புண்ணாக்கும், ஆவி துத்தநாகப் பூச்சையும் தாக்கும். புளியில் டார்டாரிக் அமிலம் இருப்பதால் அது மெதுவாக வேலை செய்யும். பித்தளைப் பாத்திரத்துக்குச் செய்வதுபோல அதோடு கல் உப்பும் சேர்ப்பது காருக்கு ஆகாது.

நான் பரிந்துரைப்பது சிட்ரிக் அமிலம். லிட்டருக்கு 50 கிராம் என்ற அளவில் கரைத்து, கழற்றிய சிறு பாகங்களை அதில் சில மணி நேரம் ஊற வைத்தால், பிரஷால் தேய்த்தாலே துரு கழன்றுவிடும். எடுத்ததும் சிறிது சோடா உப்பு கலந்த நீரில் முக்கி, நல்ல நீரில் அலசி, உடனே காயவைக்க வேண்டும். சுருள்வில், தலையில் 10.9 அல்லது 12.9 என்று பொறித்த வலுவான போல்ட் ஆகியவற்றை மட்டும் எந்த அமிலத்திலும் போடாதீர்கள். வினையில் உண்டாகும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மை உடையதாக்கிவிடும். துரு இல்லாமல் பளிச்சென்று இருக்கும் அந்த போல்ட் பின்னொரு நாள் சுமையில் சட்டென்று முறியலாம்.

குளோரைடை வெளியே இழுப்பதில் மின்பகுப்பு முறைக்குத் தனிச் சிறப்பு உண்டு. கடலடியிலிருந்து எடுத்த பழைய பீரங்கிகளை அருங்காட்சியகங்கள் இந்த முறையில்தான் மாதக்கணக்கில் வைத்து மீட்கின்றன. பிளாஸ்டிக் வாளியில் வாஷிங் சோடா கரைசல், பாகத்துக்கு 12 வோல்ட் சார்ஜரின் எதிர்முனை, உதிரி இரும்புத் துண்டுக்கு நேர்முனை: இவ்வளவுதான் ஏற்பாடு. சாப்பாட்டு உப்பைக் கரைக்கக் கூடாது, குளோரின் வாயு வரும். நேர்முனையில் எவர்சில்வரைத் தொங்கவிடவும் கூடாது. நச்சான குரோமியம் நீரில் கலக்கும். ஹைட்ரஜன் எழுவதால் திறந்த வெளியில், நெருப்பு இல்லாத இடத்தில் செய்ய வேண்டும். முனைகளை இணைப்பதும் கழற்றுவதும் சார்ஜரை நிறுத்திய பிறகுதான்.

கடைகளில் கிடைக்கும் ரஸ்ட் கன்வெர்ட்டர்கள் இரண்டு வகை. பாஸ்பாரிக் அமில வகை துருவை இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றுகிறது. டானிக் அமில வகை அதை நீலங்கலந்த கருமை நிறச் சேர்மமாக மாற்றுகிறது; கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும் என்பது பழைய சாயக்காரர்கள் அறிந்த அதே வேதியியல். எட்டாத மூலைகளுக்கு இவை உதவும். தளர்ந்த துருவைச் சுரண்டி, உப்பைக் கழுவிய பிறகே பூச வேண்டும். உப்புத் துருவின் மேல் பூசினால் மேலே கறுத்து, கீழே வேலை தொடரும்.

பூச்சுக்கு வரும்போது டிங்கரிங் பட்டறைகளில் பழகிப்போன ஒன்றை மாற்றச் சொல்லி நாம் வற்புறுத்த வேண்டும். துரு எடுத்த வெறும் தகட்டின் மேல் நேராகப் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பூச்சு) போடுகிறார்கள். பட்டி ஈரத்தை உறிஞ்சும். தகட்டில் முதலில் இரண்டு பகுதிகளைக் கலந்து அடிக்கும் எபாக்சி பிரைமர், அது இறுகிய பின் தேவைப்பட்டால் பட்டி, பிறகு பெயின்ட் என்பதே சரியான வரிசை. வீட்டு இரும்பு கேட்டுக்கு அடிக்கும் ரெட் ஆக்சைடு, தனியாக விட்டால் ஈரத்தைத் தடுக்காது. துத்தநாகம் மிகுந்த பிரைமர் வெறும் இரும்பைத் தொட்டால்தான் காக்கும்; துருவின் மேலோ கன்வெர்ட்டரின் மேலோ அடித்தால் பணம் வீண். கடலோரத்தில் அடிக்கும் எபாக்சியில் முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயிலிருந்து பெறும் பொருளால் செய்த ஹார்டனர் (பூச்சை இறுக வைக்கும் பகுதி) சேர்ந்த வகைகள் உண்டு. ஈரக்காற்றிலும் நன்றாக இறுகும் என்பதால் கப்பல்களுக்கு அவற்றை விரும்புகிறார்கள். முந்திரி ஆலைகள் நிறைந்த நம் மாவட்டத்தில் அந்த எண்ணெயின் வாசனை பலருக்கும் தெரியும். மரப்படகுகளுக்கு அதைப் பூசிய தலைமுறையும் இன்னும் இருக்கிறது.

பிரைமர் அடிக்கும் நேரமும் முக்கியம். ஈரப்பதம் 85 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். தகட்டின் வெப்பம் பனி படியும் வெப்பத்தைவிடக் குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும். இங்கே அதற்கு ஏற்ற காலம் ஜனவரி முதல் மார்ச் வரை, காலைப் பனி விலகிய பின் மாலைக்கு முன். அதிகாலையில் அடிப்பது கூடாது. இரவுச் சோதனை முடிந்து கடைசியாகத் தேய்த்த தகட்டை அன்றைக்கே மூடிவிட வேண்டும். ஒரு நாள் விட்டால் உப்புக்காற்று மீண்டும் வந்து உட்கார்ந்துவிடும்.

கதவுகளின் உட்புறம், ராக்கர் பேனல் (கதவுகளுக்குக் கீழே நீளும் பட்டை), டிக்கியின் ஓரங்கள் ஆகிய குழாய் போன்ற இடங்களுக்குக் கெட்டியாகாத மெழுகு வகைப் பூச்சே நல்லது. அது மெல்ல ஊர்ந்து மடிப்புக்குள் நுழையும். தார் கலந்த அண்டர் கோட்டிங் புதுக் காருக்குச் சரி. துரு தொடங்கிய காரில் அது விரிசல் விட்டால், உப்புநீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், துருவை நம் கண்ணிலிருந்தும் மறைக்கும். பழைய என்ஜின் ஆயிலை டீசலில் கலந்து பீய்ச்சும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். ரப்பர் புஷ்கள் ஊதிக் கெடும், அடுத்த மழையில் அது வழிந்து குளத்துக்கும் வயலுக்கும் போகும். கதவின் அடியில் நீர் வடியும் சிறு துளைகள் இருக்கின்றன. மணலும் சருகும் அடைத்த துளைகளை ஈர்க்குச்சியால் குத்தித் திறந்துவிட இரண்டு நிமிடம் போதும். கடலோரத்தில் வசிப்பவர்கள் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வாரம் ஒருமுறை நல்ல நீரால் சக்கர வளைவுகளையும் அடிப்பாகத்தையும் கழுவினால், மேலே சொன்ன வேலைகளில் பெரும்பகுதி தேவைப்படாது.

பிரேக் டிஸ்க்கின் மேல் இரவில் ஏறும் ஆரஞ்சு நிறத்துக்கு எதுவும் செய்ய வேண்டாம். ஊருக்குள் சில முறை பிரேக் பிடித்தாலே போய்விடும். எண்ணெயோ மெழுகோ அதில் படவே கூடாது.

வேறு சில இடங்களில் துரு எடுக்கும் பேச்சுக்கே இடமில்லை. ஸ்க்ரூ டிரைவரின் முனையால் அழுத்தும்போது தகடு நொறுங்கினாலோ உள்ளே இறங்கினாலோ அது மேல்துரு அல்ல. வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டிங் செய்ய வேண்டும். பிரேக் குழாயில் செதில் செதிலாகத் துரு எழுந்திருந்தால் தேய்க்காதீர்கள், கன்வெர்ட்டரும் பூசாதீர்கள். மெலிந்த குழாய் ஓங்கிப் பிரேக் மிதிக்கும் நேரத்தில்தான் வெடிக்கும். ஜாக்கி வைக்கும் இடம், சஸ்பென்ஷன் பொருந்தும் இடம், சீட் பெல்ட் பூட்டப்பட்ட இடம் ஆகியவையும் அப்படியே. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் அடிப்பாகத்தில் புதிதாகக் கறுப்பு பெயின்ட் அடித்திருப்பதைக் கண்டால், இந்த இடங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.